அல்லி பார்த்தவை

இளவழகன் பன்னிரண்டு வருடமாகக் குமுதவல்லி அம்மாவின் தியானக் கூடத்துக்கு வருகிறவன். அன்று நான்கு வயது மகள் அல்லியையும் கூட்டி வந்தான். அவன் வணங்கி நிமிர்வதற்குள் அவள் வாசலுக்கு ஓடிவிட்டாள்.

"பாருங்கள் அம்மா, ஓர் இடத்தில் நிற்கிறாளா? நர்சரிப் பள்ளியிலும் இதே கதைதான். இந்த மாதக் கடைசிக்குள் அடங்காவிட்டால் அனுப்பவே வேண்டாம் என்றுவிட்டார்கள். டாக்டரிடம் காட்டலாம் என்கிறாள் என் மனைவி."

"நீ என்னப்பா செய்கிறாய்?"

"தினமும் காலையில் பலகை போட்டு, கண்ணை மூடி உட்கார வைக்கிறேன். நான் நூறு எண்ணும்வரை அசையக் கூடாது. அசைந்தால் மறுபடி ஒன்றிலிருந்து."

"எதுவரை போயிருக்கிறாள்?"

"பதினேழு."

அம்மா சிரித்துவிட்டார். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"அவளுக்கு ஒரு பயிற்சி சொல்லுங்கள் அம்மா. எவ்வளவு கடினமானாலும் செய்ய வைக்கிறேன்."

"முதலில் உனக்கு. கால் மணி நேரம் அவள் பின்னாலேயே போ. பேசாதே, தடுக்காதே. அவள் எதையெல்லாம் பார்க்கிறாள் என்று வந்து சொல்."

"இவ்வளவுதானா?" என்று எழுந்து போனான்.

கால் மணி கழித்து மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். அவள் பாவாடை நனைந்திருந்தது.

"வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தாள். எல்லாவற்றையும் ஜோடி சேர்த்தாள். பிறகு சுவரோரம் எறும்பு போவதைப் பார்த்தாள். அப்புறம் குழாயடிக்கு ஓடினாள்."

"குழாயடியில்?"

அவன் தடுமாறினான். "பள்ளிக்கு என்ன பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டு நின்றுவிட்டேன் அம்மா. பார்த்தால், ஈரத்தில் உட்கார்ந்திருக்கிறாள்."

"தவளை இருந்துச்சுப்பா," என்றாள் அல்லி. "குட்டித் தவளை. நான் அசையவே இல்ல. அசைஞ்சா அது ஓடிடும்ல?"

சொல்லிவிட்டு அவன் பிடியிலிருந்து நழுவி மறுபடி ஓடினாள். "ஏய்" என்று வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டான்.

அம்மாவிடம் திரும்பிக் கேட்டான்: "அப்படியானால் டாக்டர் வேண்டாமா அம்மா?"

"அவசியம் போ. குழந்தை எப்படி என்று கேட்பார். எறும்பு வரைக்கும் நீ சொல். மிச்சத்தை அவளிடமே கேட்டுக்கொள்ளச் சொல்."