ஆறாம் பருவத்துத் தாழம்பூ

ஏழுகுன்றத்து ராஜா கம்பீரவேளுக்கு ஓர் ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. அன்றே ஒரு வழக்கத்தையும் ஆரம்பித்தார். வருஷத்துக்கு ஆறு பருவம். ஒவ்வொரு பருவத்திலும் நந்தவனத்தில் மலரும் முதல் பூவைச் சபை நடுவில் தம் கையாலேயே ராணி மங்கலநாயகிக்குக் கொடுப்பார். கொடுப்பதற்கு முன் அவரே ஒரு தடவை ஆசையாக முகர்ந்து, "ஆகா!" என்பார்.

ராணி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஆனால் சூடமாட்டாள்.

ஐப்பசியில் பவழமல்லி, மார்கழியில் செவ்வந்தி, மாசியில் மகிழம்பூ, சித்திரையில் மல்லிகை. ஒன்றும் அவள் கொண்டையில் ஏறவில்லை. பின்கட்டில் இருந்த ஒற்றைச் செம்பருத்திச் செடியில் தானே ஒரு பூப் பறித்து, அம்மன் விளக்கடியில் ஓர் இதழைக் கிள்ளி வைத்துவிட்டுச் செருகிக்கொண்டாள்.

ஆனியில் செண்பகம் கொடுத்தபோதும் அப்படியே. ராஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"என் பூவில் என்ன குறை?" என்று கேட்டார். ராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

தளவாய் மல்லராயன் எழுந்தார். தம் குதிரைகளைக் கட்ட நிழலும் கிணறும் உள்ள இடம் தேடிக்கொண்டிருந்தவர் அவர். நந்தவனத்தில் இரண்டும் இருந்தன.

"தோட்டக்காரி செம்பாயிதான் பூவைக் கெடுத்து அனுப்புகிறாள், அரசே. அவளை விரட்டிவிட்டு அங்கே லாயம் கட்டிவிடலாம்."

"இன்னும் ஒரு பருவம் பார்ப்போம். அந்தப் பூவையும் ராணி சூடாவிட்டால் நந்தவனம் உமக்கு" என்றார் ராஜா கோபத்தோடு.

செம்பாயி அழுதுகொண்டு சபைப் புலவர் வடுகநம்பியின் வீட்டுக்கு ஓடினாள்.

"என்னை விரட்டினாப் போறேன் ஐயா. இருபது வருஷமாத் தண்ணி ஊத்தின மரத்தையெல்லாம் வெட்டிப்புடுவாங்களே!"

"அழாதே. பூவை எப்படிப் பறிக்கிறாய்? அதைச் சொல்."

"மூக்கையும் வாயையும் துணியாலே கட்டிக்கிட்டுத்தான் ஐயா. என் மூச்சுக்காத்துகூடப் படாது. வாழையிலையிலே மூடி, நேரா ராஜா கையிலே கொடுத்துடுவேன்."

"நேராக ராஜா கையிலா?"

"ஆமாங்க. நடுவிலே ஒரு ஆள் தொடமாட்டாங்க."

நம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.

"அடுத்து என்ன பூ?"

"ஆவணியிலே தாழம்பூங்க."

"நல்லது. தாது நிறைய உள்ளதாக ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டு வா. முதல் பூவை மட்டும் உதறாமல் கொடு."

"உதறாட்டி மஞ்சப் பொடியாக் கொட்டுமே ஐயா!"

"கொட்டட்டும்."

ஆவணி வந்தது. சபை கூடியது. நம்பி முன்னால் வந்து கும்பிட்டார்.

"அரசே, பூவைக் கெடுக்கிறவரை இன்று இங்கேயே காட்டித் தருகிறேன். தண்டனை என்னவென்று இப்போதே சொல்லிவிட்டால் நல்லது."

"விரட்ட வேண்டும்!" என்றார் தளவாய்.

"விரட்டினால் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?" என்றார் நம்பி. " கெடுத்தவரே இந்தப் பருவம் முடிகிறவரை தினம் காலையில் இரண்டு குடம் சுமக்கட்டும்."

"இரண்டு எந்த மூலைக்கு? நாலு குடம்!" என்றார் தளவாய்.

"நாலு குடம். யாராக இருந்தாலும் சரி, இது என் வாக்கு" என்றார் ராஜா.

செம்பாயி இலைப்பொட்டலத்தை நீட்டினாள். ராஜா பிரித்தார். தாழம்பூ மணம் சபை முழுக்கப் பரவியது. கண்ணை மூடி, மடலை விலக்கி, மூக்கை உள்ளே விட்டு இழுத்தார்.

"ஆகா!"

பிறகு ராணியிடம் கொடுத்தார். ராணி வாங்கினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், சூடவில்லை.

"பார்த்தீரா நம்பி! எங்கே உம்முடைய குற்றவாளி?"

"சபையில்தான் இருக்கிறார், அரசே. மூக்கில் அடையாளத்தோடு இருக்கிறார்."

சபையில் இருந்த அத்தனை பேரும் மூக்கைத் தடவிப் பார்த்தார்கள். முதலில் தடவியவர் தளவாய். ராஜா மட்டும் தடவவில்லை.

நம்பி மடியிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்துப் பணிவாக நீட்டினார். ராஜா பார்த்தார். மூக்கு நுனியில் மஞ்சள் பொடி. மீசையிலும் அப்பியிருந்தது.

"நானா?"

"ராணியம்மா அம்மன் விளக்கடியில் ஒரு கிள்ளு வைத்துவிட்டுத்தான் பூச்சூடுவார்கள். முகர்ந்த பூ அம்மனுக்கு ஆகாது. அம்மனுக்கு வைக்காததை அவர்கள் சூடமாட்டார்கள்."

ராஜா திரும்பினார். "உண்மையா? ஏன் சொல்லவில்லை?"

"ஆசையாகக் கொடுக்கிறீர்கள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?" என்றாள் ராணி மெதுவாக.

"அப்படியானால் ஐந்து பருவமும் கெடுத்தது என் மூக்குத்தானா!"

"இன்றோடு ஆறு, அரசே" என்றார் நம்பி.

ராஜா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் மீசைப் பொடி பறந்தது. சபையும் சிரித்தது. தளவாய்தான் சிரிக்கவில்லை.

"அரசே, நான் நாலு குடம் என்றது..."

"சொன்னது சொன்னதுதான். நான் சுமக்கிறேன். கிணற்றிலிருந்து தண்ணீரை நீர் இறைத்துக் கொடும், தளவாய். செம்பாயி, உன் நந்தவனத்தை இனி யாரும் தொடமாட்டார்கள். நம்பி, இந்தாரும்" என்று தம் பட்டுச் சால்வையைக் கழற்றிப் போர்த்தினார்.

செம்பாயி இரண்டாவது பூவை எடுத்தாள். ராஜா அதை வாங்கி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கை நீளுமட்டும் நீட்டிக் கொடுத்தார். ராணி அம்மன் சந்நிதிக்குப் போய் ஒரு மடலைக் கிள்ளி வைத்தாள். மீதியைக் கொண்டையில் செருகிக்கொண்டு திரும்பி வந்தாள். ஆறு பருவத்தில் முதல் தடவை.

ராஜா பார்த்துக்கொண்டே நின்றார். மணம் மூக்கைத் துளைத்தது. ஓர் அடி எடுத்து வைத்தார். பயம் வந்து நின்றுவிட்டார்.

"இப்போது முகரலாமா?"

ராணி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சூடிய பிறகு யார் வேண்டாம் என்றது?"