கோட்டைக்குள் இறங்கிய கிடை

வெகு காலத்துக்கு முன்பு செம்மண்கோட்டைச் சீமையை வரகுணபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் யார் கடைசியாகக் காதில் ஓதினார்களோ அதுவே அன்றைய உத்தரவு.

அவருடைய மூலிகைத் தோட்டத்தைக் கவனித்தவள் வேலம்மை. அவள் புருஷன் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது கஷாயம் அனுப்பிப் பிழைக்கவைத்தவள் ராணி. அதை நினைக்காமல் வேலம்மை ஒருநாளும் மண்வெட்டியைத் தொட்டதில்லை. இப்போது அந்த ராணிக்கே மூச்சிளைப்பு. வைத்தியர் தினமும் தூதுவளை கேட்டார். தோட்டத்துக் கொடிகளோ மஞ்சளித்து நின்றன.

காரணம், தோட்ட அதிகாரி திருமேனியார். வேலம்மையை ராணி புகழ்வது அவருக்குப் பொறுக்கவில்லை. "சாணக்கூடை அரண்மனைக்குள் வரலாமா மகாராஜா? சந்தனமும் பன்னீரும் ஊற்றினால் போதாதா?" என்று போன வருஷமே ஓதிவிட்டார். அன்றிலிருந்து எருக்கூடை எதுவும் கோட்டை வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு.

"மூன்று மாதத்தில் இலை வராவிட்டால் நீ ஊரைவிட்டுப் போ" என்றார் ராஜா.

"ஆகட்டும் மகாராஜா. பாதிப் பாத்தி எனக்கு. மீதியில் ஐயா சந்தனம் கரைக்கட்டும்."

மறுநாள் இருநூறு ஆடுகளோடு வாசலுக்கு வந்தாள். கூடவே ஆட்டுக்காரன் ராக்கப்பன்.

"எரு இருக்கா?" என்றான் காவலன்.

"கூடையே இல்லை அண்ணே. நீங்களே பாருங்க."

இரண்டு நாள் ஆடுகள் இரவும் பகலும் அவள் பாத்தியிலேயே கிடை கிடந்தன. திருமேனியார் ராஜாவை இழுத்துவந்தார். "உத்தரவை மீறிவிட்டாள்!"

"வாசலைத் தாண்டியது ஆடுதான் மகாராஜா. மற்றது உள்ளே வந்தபிறகு போட்டது."

ராஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இலை வரட்டும், பார்ப்போம்."

வேலம்மை புழுக்கையைக் கொத்திப் புரட்டி, தண்ணீர் விட்டு மண்ணை ஆறவிட்டாள். காட்டில் செழித்த தூதுவளையின் வேரடி மண்ணை ஆறிய வடிகஞ்சியில் கரைத்து, நாற்றின் வேரை நனைத்து நட்டாள்.

"மண்ணுக்கே மண்ணா?" என்று கேலி செய்தார் திருமேனியார்.

"இது உயிருள்ள மண் ஐயா. உறைமோர் மாதிரி. ஒரு கை போதும், மற்றதைத் தானே எழுப்பிவிடும்."

மூன்றாம் மாதம் அவள் பாத்தியில் கொடி பந்தலேறியது. திருமேனியார் பாத்தியில் சந்தனம் ஓடாக இறுகி, எறும்பு ஊர்ந்தது. தினமும் தூதுவளை ரசம் குடித்த ராணி, ஒரு காலையில் மூச்சுத் திணறாமல் தோட்டம்வரை நடந்துவந்தாள்.

ராஜாவுக்குக் கண் கலங்கியது. "என்ன வேண்டும், கேள்."

"அம்மா நடந்துவந்ததே போதும். நன்றி சொல்வதானால் ராக்கப்பனுக்குச் சொல்லுங்கள்."

கோட்டைப் புல்வெளியை ஆடுகளுக்கு விட்டார் ராஜா. வருஷாவருஷம் வாசலில் நின்று கிடையை வரவேற்று அழைத்துவரும் வேலை திருமேனியாருக்கு. பிறகு ராஜாவே ராக்கப்பனுக்கு எதிரே வந்து, தலைகுனிந்து இரு கையும் கூப்பினார்.

ராக்கப்பன் பதறிப்போனான். "கையை இறக்குங்க சாமி, ஆடு மிரளுது."