மூன்றாம் நாள் காலை

"அதை எழுப்ப ஒரு வழியும் இல்லையா டாக்டர்?" என்று கேட்டாள் தெய்வானை.

கண்ணாடித் தட்டில் ஒரே ஒரு கரு. நேற்று நான்கு செல்கள். இன்று எட்டாக வேண்டும்.

"இல்ல," என்றார் ரஹீமா.

அது ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகம். ரஹீமா தெய்வானையைவிட ஆறு வயது இளையவர். ஆனால் கருக்களைப் பேணும் வேலையில் அவர்தான் தெய்வானைக்குக் குரு.

"உள்ளே மரபணு எல்லாம் இருக்கே. ஏன் பேசாம கிடக்கு?"

"பேசுற நேரம் இன்னைக்குத்தான். சிலது பேசாமலே நின்னுடும்."

தெய்வானைக்கு அது தெரியும். அவளே சிகிச்சைக்கு வந்தபோது, அவளுடைய கருக்கள் மூன்று முறையும் இதே மூன்றாம் நாளில்தான் நின்றுபோயின. அதற்குப் பிறகுதான் இந்த வேலையைக் கற்றுக்கொடுங்கள் என்று வந்து நின்றாள்.

அவள் கை மறுபடி, கருத் தட்டைச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரின் கதவுக்குப் போனது. காலையிலிருந்து இரண்டு முறை திறந்துவிட்டாள். திறக்கும்போதெல்லாம் உள்ளிருந்த சூடு கொஞ்சம் வெளியேறியது.

ரஹீமா அந்தக் கையைப் பிடித்து விலக்கினார்.

"வெளியே அதோட அம்மா இருக்காங்க. போய்ப் பக்கத்துல உட்காருங்க."

"நான் என்ன சொல்றது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

வெளியே காத்திருந்த அமலோற்பவம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம்.

"யக்கா, அது இப்ப என்ன செய்யுது?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்த தெய்வானையிடம் கேட்டாள்.

"தெரியலம்மா. அதுவா முழிச்சுக்கணும்."

"இவ்வளவு நேரம் தூங்கிட்டா இருந்துச்சு? ஒண்ணு நாலாச்சுன்னு நேத்து போன்ல சொன்னிய. தூங்குற புள்ள எப்படி வளரும்?"

தெய்வானை பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"அதோட மரபணு இன்னும் வேலையைத் தொடங்கல. அதுவரைக்கும் உங்க முட்டையில ஏற்கெனவே சேர்ந்திருந்ததை வச்சுத்தான் ஓடுது. எப்பப் பிரியணும், எப்படிப் பிரியணும், எல்லாம் நீங்க சொல்லி அனுப்பினதுதான்."

அமலோற்பவம் மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லித்தான் இவ்வளவு நடந்திருக்கா?"

"ஆமா."

"அப்ப, நின்னாலும் வளர்ந்தாலும், இந்த மூணு நாளும் நான் அதுக்கு அம்மாவா இருந்திருக்கேன்லா?"

தெய்வானை தலையை ஆட்டினாள். அமலோற்பவத்தின் கையை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆய்வகக் கதவு திறந்தது.

"நேரமாச்சு," என்றார் ரஹீமா. "வாங்க, பார்க்கலாம்."

தெய்வானை எழுந்திருக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் திறக்காம இருக்கட்டும் டாக்டர்."