செக்ரட்டரி வைத்த பேனர்

தடுப்பூசி போடாதவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் உத்தரவு போட்டவரே செக்ரட்டரி தாமோதரன்தான். வீட்டுவேலைக்கு வந்த செங்கமலத்தை லிஃப்ட் வாசலில் எல்லோர் முன்னாலும் மறித்தார்.

"ஊசி போட்டியா?"

அவள் செல்போனில் சான்றிதழைக் காட்டினாள். "நீங்க போட்டுட்டீங்களா சார்?"

"என் உடம்பு விஷயத்தை நீ கேக்கவே கூடாது. சட்டம் தெரியுமா?"

"டாக்டர் வெளியே சொல்லக் கூடாதுன்னுதானே சார் சட்டம்? நான் கேக்கலாமே. அதான் நீங்களே பேனர் வச்சுச் சொல்லிட்டீங்களே."

லிஃப்டுக்கு நேர் எதிரே கேட்டில் தொங்கிய பேனரில், அவர் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியுதில்ல? அப்புறம் என்ன கேள்வி?"

"அந்த ஊசியில மூடியே கழட்டலையே சார்."

எல்லோரும் பேனரைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள்.

லிஃப்ட் வந்தது. செங்கமலம் ஏறிக்கொண்டு, "வாங்க சார்" என்றாள். தாமோதரன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாடிப்படிப் பக்கம் திரும்பினார்.

கூட்டத்திலிருந்து இன்னும் இரண்டு பேர், யார் முகத்தையும் பார்க்காமல், அவர் பின்னாலேயே படியேறினார்கள்.