செம்பூரணி ராஜாவின் வாடகைக் கார்

வரலாற்றுப் புத்தகங்களில் ராஜாக்கள் யானைமேல் வருவார்கள். செம்பூரணி ராஜா பூபதிராயர் காரில் வந்தார். யானையாவது தானாக நடக்கும். அந்தக் கார் நடக்காது. அது எங்கே நின்றாலும் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து அரண்மனை வரைக்கும் தள்ள வேண்டும். கூலி கிடையாது. அரண்மனைக் காகிதங்களில் இதற்கு 'ராஜ ஊழியம்' என்று பெயர். அடிமை வேலைக்கு அழகான பெயர் வைப்பதில் சமஸ்தானங்களை மிஞ்ச ஆள் இல்லை.

ஒருவழியாக அந்தக் கார் செத்தது. நத்தக்குளத்து ஜனங்கள் அன்றைக்குப் பொங்கல் வைத்தார்கள். பொங்கல் ஆறுவதற்குள் அடுத்த செய்தி வந்தது. ராஜா இன்னொரு கார் வாங்கப் போகிறார். அதுவும் புதுசு இல்லை. மதுரையில் ஏழு வருஷம் வாடகைக்கு ஓடிய கார். விற்பவர் தணிகாசலம். திவான் சதாசிவராயரின் மைத்துனர். வேறு யாராக இருக்க முடியும்?

விடிந்ததும் நத்தக்குளத்துச் சீனியம்மாள், அரண்மனை விகடர் மாசிலாமணியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, பழைய காரைத் தள்ளித்தான் எங்க வீட்டுக்காரருக்கு முட்டி போச்சு. இப்போ அறுப்பு நேரம். இதுவும் நடுரோட்டுல படுத்துக்கிட்டா, நாங்க கதிரை அறுப்போமா, காரைத் தள்ளுவோமா?"

"மனு கொடுத்தீர்களா?"

"பதினோரு மனு ஐயா. பதினொண்ணையும் திவான் வாங்கி வச்சுக்கிட்டார்."

"சரி. நீ போய் அறுப்பைப் பார் அம்மா. நான் காரைப் பார்க்கிறேன்" என்றார் மாசிலாமணி.

கார் அரண்மனை முற்றத்தில் நின்றது. புதுக் கறுப்பு வர்ணம். கிட்டே போனால் மூக்கு எரிந்தது. தணிகாசலம் ஒரு தடித்த புத்தகத்தை ராஜாவிடம் நீட்டினார்.

"பராமரிப்புப் புத்தகம் மகாராஜா. வாடகைக் கார் என்று பேர்தான். ஒரு டாக்டர் குடும்பம் கோயிலுக்குப் போக மட்டும் எடுக்கும். மாதா மாதம் எண்ணெய் மாற்றியிருக்கிறோம். வருஷம் தவறாமல் ஆயுத பூஜை அன்று இன்ஜினையே பிரித்துத் துடைத்திருக்கிறோம். மெக்கானிக் கையெழுத்து இல்லாத பக்கத்தில் என் கையெழுத்து இருக்கும்."

"எல்லாப் பக்கத்திலும் 'நேரில் பார்த்தேன்' என்று நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்றார் திவான்.

ராஜாவின் முகம் மலர்ந்தது. பக்கத்து ஜமீனில் ஒரு கார் இருக்கிறது. இவர் கார் வாங்க அந்த ஒரு காரணம் போதும்.

"விகடரே, நீர் என்ன சொல்கிறீர்?"

மாசிலாமணி புத்தகத்தைப் புரட்டினார். "அபூர்வமான புத்தகம் மகாராஜா. ஏழு வருஷம் மெக்கானிக் கையில் கிடந்திருக்கிறது. ஓர் எண்ணெய்க் கறை இல்லை. அது போகட்டும். ஆயுத பூஜை அன்று ஸ்பானரெல்லாம் சந்தனம், குங்குமத்தோடு சரஸ்வதி படத்துக்கு முன்னால் அல்லவா இருக்கும்? எதை வைத்து இன்ஜினைப் பிரித்தார்கள்?"

தணிகாசலம் திவானைத் திரும்பிப் பார்த்தார். திவான் அசரவில்லை.

"மெக்கானிக் வெள்ளைக்காரர். அவருக்கு ஏது ஆயுத பூஜை?"

"அப்படியா? பக்கத்துக்குப் பக்கம் 'முருகன் துணை' என்று எழுதியிருக்கிறாரே!"

"இந்த நாட்டில் வெகுகாலம் இருந்தவர்."

"போதும்!" என்றார் ராஜா. "விகடர் எதிலும் குறை காண்பார். எனக்குக் கார் வேண்டும்."

"குறையே இல்லை மகாராஜா. தாராளமாக வாங்குங்கள். நத்தக்குளம் வரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரு சின்ன உத்தரவு மட்டும் போட வேண்டும். கார் நின்றால், இந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான் தள்ள வேண்டும். வேறு யார் கையும் படக் கூடாது."

ராஜா திவானைப் பார்த்தார்.

"அது நிற்கவே நிற்காது மகாராஜா" என்றார் திவான். வேறு என்ன சொல்ல முடியும்?

"அப்படியானால் உத்தரவால் உங்களுக்குக் கஷ்டமே இல்லை" என்றார் மாசிலாமணி. ராஜா உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அரண்மனை டிரைவர் ஓட்ட, நான்கு பேரும் ஏறிக்கொண்டார்கள். கார் இருமிக்கொண்டே புறப்பட்டது. நத்தக்குளம் ஏரிக்கரை வந்ததும் ஒரு தும்மல் தும்மியது. நின்றுவிட்டது.

வயலில் இருந்தவர்கள் அரிவாளைப் போட்டுவிட்டுக் கரையேறினார்கள். யாரும் கூப்பிடவில்லை. உடம்புக்கு அவ்வளவு பழகியிருந்தது. மாசிலாமணி இறங்கி, உத்தரவைத் தூக்கிப் பிடித்துப் படித்துக் காட்டினார்.

"மெக்கானிக் வரட்டும்" என்றார் திவான்.

"வெள்ளைக்காரர் அல்லவா? கப்பல் ஏறி வர ஒரு மாதம் ஆகும். அதுவரை மகாராஜா வெயிலில் இருப்பாரா? ஆரம்பியுங்கள்."

ஒன்றரை மைல். சரிகைத் தலைப்பாகையோடு திவான் ஒரு பக்கம், தணிகாசலம் ஒரு பக்கம். வழியெல்லாம் கூட்டம்.

"ஐயா திவானே, நல்லாக் குனிஞ்சு தள்ளுங்க!" என்றாள் சீனியம்மாள். "நிமிர்ந்து தள்ளினா இடுப்பு போயிடும். அனுபவத்துல சொல்றேன்."

"எல்லாம் உன் அக்காளால் வந்தது!" என்று திவான் மைத்துனரைக் கடிந்துகொண்டார்.

காருக்குள் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விகடரே, இதுதான் சரி! இனி கார் வாங்கச் சொன்னவனே தள்ளட்டும். ஊர்க்காரன் எவனும் தொடவேண்டாம்!"

நியாயம் என்று நினைத்து அவர் இதைச் சொன்னதாக நான் எழுத மாட்டேன். வேடிக்கை நன்றாக இருந்தது, சொன்னார். பதினோரு மனுவால் ஆகாதது ராஜாவின் ஒரு சிரிப்பில் ஆயிற்று. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. மாசிலாமணிக்கு எரியவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் அதையும் காகிதத்தில் எழுதி, நடுரோட்டிலேயே கையெழுத்து வாங்கிவிட்டார். சீனியம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினாள்.

அரண்மனை வாசல் வந்தது. திவான் காரின் பின்பக்கத்தில் அப்படியே சாய்ந்துவிட்டார். நாக்கு வெளியே வந்திருந்தது.

"மகாராஜா... இந்தக் கார்... வேண்டாம்..."

"என்ன விகடரே, வேண்டாமா?" என்றார் ராஜா.

மாசிலாமணி பின்பக்கம் போய், திவானையும் மைத்துனரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு வந்தார்.

"அவசரப்படாதீர்கள் மகாராஜா. ஒன்றரை மைல் நிற்காமல் வந்திருக்கிறது. இன்ஜினுக்குக் கொஞ்சம் மூச்சு இரைக்கிறது, அவ்வளவுதான்."