வாயாடிப் பூவுக்குப் பக்கத்தில்

“எதை நட்டாலும் செத்துப்போகுதும்மா,” என்றார் ஏகாம்பரம்.

வடிவம்மா களை கொத்துவதை நிறுத்தவில்லை.

“மூணு தடவை நட்டுட்டேன். மூணும் போச்சு.”

“எங்க நட்டீங்க?”

“வாயாடிப் பூவுக்குப் பக்கத்துல.”

கொத்து நின்றது.

வாயாடிப் பூ என்றால் ஸ்னாப்டிராகன்தான். மலைக் குளிர் அதற்குப் பிடிக்கும். இடுப்பு உயரத்துக்குக்கூட வளர்ந்து, கதிர் விட்டது மாதிரி அடுக்கடுக்காகப் பூக்கும். பூவின் இரண்டு கன்னத்தையும் விரலால் அழுத்தினால் வாயைத் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். நர்சரிக்காரர் சொன்ன பெயர் வாயில் நுழையாததால் ஏகாம்பரத்தின் மனைவி சௌந்தரம் தானாகவே அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். வைத்தவள் போன சித்திரையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பெயர் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

ஏகாம்பரம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து மூன்று. வடிவம்மாவுக்கு நாற்பதுதான் இருக்கும். கோத்தகிரி போகிற சாலையில், மேட்டில் இருக்கும் முருகன் கோவில் நந்தவனம் அவர் பொறுப்பு. அவரை யாரும் குரு என்று சொன்னதில்லை. சொன்னால் கையில் மண்வெட்டியைக் கொடுத்து வேலை வாங்கிவிடுவார் என்ற பயம். ஆனாலும் மனதில் பாரம் உள்ளவர்கள் சாமியைக் கும்பிட்ட கையோடு நந்தவனத்துப் பக்கமும் ஒரு நடை போய்விட்டுத்தான் படி இறங்குவார்கள்.

ஏகாம்பரம் தன் கதையை ஆதியிலிருந்து சொன்னார். அடுத்த மாதம் சௌந்தரத்துக்கு வருஷத் திதி. மகள் குடும்பத்தோடு வருகிறாள். அம்மா வைத்த பாத்தியில் நட்ட நடுவே ஒரு மொட்டை இடம் இருப்பதை அவள் பார்க்கக் கூடாது. முதலில் பெட்டூனியா வைத்தார், அழுகிப்போனது. செண்டுப் பூ வைத்தார், மஞ்சளாகிச் சாய்ந்தது. பான்சி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. உயரமான செடிக்குக் காலடியில் குட்டையான செடிதான் அழகு என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். எது அவர் கடையில் மிச்சமிருந்ததோ அதுவே அழகு என்றும் சொல்லியிருந்தார்.

“பக்கத்துல எதை வெச்சா நிக்கும்னு நீங்க சொல்லுங்கம்மா. அதையே வெச்சுடறேன்.”

வடிவம்மா ஒரு களையை வேரோடு பிடுங்கி ஓரமாகப் போட்டார்.

ஏகாம்பரம் உண்மையில் எதற்காக வந்தாரோ அது பிறகுதான் வெளியே வந்தது.

“மண்ணு ஏத்துக்க மாட்டேங்குதும்மா. அவளுக்கு என்மேல கோபம்.”

“கோவம் வந்தா வீட்டு அம்மா என்ன பண்ணுவாங்க?”

“முதுகைக் காட்டி உட்கார்ந்துக்குவா. நான் இந்தப் பக்கம் வந்தா அந்தப் பக்கம் திரும்பிக்குவா.”

“அப்படி என்ன கோவம் இப்ப?”

அதைச் சொல்லத்தான் அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. தினமும் காலையில் சௌந்தரம் பாத்தியிலிருந்து கூப்பிடுவாள். இன்றைக்கு மஞ்சள் விரிந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்பாள். ஒரு வண்டு உள்ளே போய் மாட்டிக்கொண்டிருக்கிறது, வந்து பாருங்கள் என்பாள். இவர் வீட்டு முன்வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பேப்பருக்குப் பின்னாலிருந்தே “வர்றேன்” என்பார்.

“போவீங்களா?”

“இல்லை.”

“ஒரு தடவைகூட?”

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார்.

வடிவம்மா கொத்தை எடுத்து மறுபடியும் களை கொத்தினார். அந்த வரிசை முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“பாத்தியை வரைஞ்சு கொண்டாங்க.”

*

வரைவது அவருக்குக் கைவந்த கலை. மறுநாளே கொண்டுவந்தார்.

நாடா பிடித்து அளந்திருந்தார். வடக்கு எது என்று அம்புக்குறி போட்டிருந்தார். வேலி, தண்ணீர்க் குழாய், வீட்டுப் படி, எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. செடி ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. புள்ளிகள் பிறை மாதிரி வளைந்து நின்றன. பிறைக்கு நடுவே ஒரு சின்னக் கட்டம். அதற்குள் முத்து முத்தான எழுத்தில் ‘தரிசு’ என்று எழுதியிருந்தார்.

“விதை உதிர்ந்து பாத்தி முழுக்கத் தானா முளைச்சிருக்கு. இந்த ஒண்ணரையடி இடத்துல மட்டும் ஒண்ணுமில்லை. பாறை மாதிரி இருக்கு, மண்வெட்டி இறங்கலை. நடுவுல கரண்டியால குழி பறிச்சுத்தான் வெச்சேன்.”

வடிவம்மா காகிதத்தை நேராக வைத்துப் பார்த்தார். தலைகீழாக வைத்தும் பார்த்தார்.

“அம்மா எங்க உட்கார்ந்து களை எடுப்பாங்க?”

ஏகாம்பரம் காகிதத்தில் விரலை ஓட்டித் தேடினார். தெரியவில்லை.

“எதுல உட்காருவாங்க? மணையா, முக்காலியா?”

அதுவும் தெரியவில்லை.

காலையில் காப்பி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டிருந்தால் நிமிஷக் கணக்கில் சொல்லியிருப்பார். தாலுகாவில் எந்த ஓடை எந்தப் பக்கம் ஒதுங்கியது என்று கேட்டிருந்தால் பழைய சர்வே எண்ணோடு சொல்லியிருப்பார். ஊரையெல்லாம் அளந்தவருக்குச் சொந்த வீட்டு வாசலில் பெண்டாட்டி உட்கார்ந்த இடம் தெரியவில்லை. அது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

“நாளைக்குக் காலையில வர்றேன்,” என்றார் வடிவம்மா. “நீங்க ஒண்ணும் நட்டு வெக்காதீங்க.”

*

வந்தவர் பாத்தியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். செடிகளைப் பராமரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. காய்ந்த கதிர்கள் அப்படியே நின்றன. வீட்டைப் பார்த்த பக்கத்தில் பழைய செடிகள் அடிமரம் தடித்து, ஆள் மறைகிற அளவுக்கு அடர்ந்திருந்தன.

“உயரமானது பின்னாலதானே இருக்கணும்?” என்று ஏகாம்பரம் கேட்டார். “இவ வீட்டுப் பக்கத்துல வெச்சிருக்கா பாருங்க. அதுல ஒரு கணக்கும் இல்லை.”

“ஒரு வாளி தண்ணி கொண்டாங்க.”

கொண்டுவந்தார். வடிவம்மா மொட்டை இடத்தில் ஒரு குவளை தண்ணீரை மெதுவாக ஊற்றினார்.

மண் அதைக் குடிக்கவில்லை. தண்ணீர் அங்கேயும் இங்கேயும் தயங்கி ஓடி, தாழ்ந்த இடம் பார்த்துத் தேங்கியது.

இரண்டு இடத்தில் தேங்கியது. இரண்டும் ஒரு சாண் நீளம், பக்கம் பக்கமாக. ஒரு முனை அகலம், மறு முனை குறுகல். அவற்றுக்குப் பின்னால் ஒரு தட்டையான பள்ளம், ஒரு முக்காலி அளவுக்கு.

“மழைத் தண்ணி அரிச்சது,” என்றார் ஏகாம்பரம். “மண்ணைப் போட்டு நிரவிடலாமா?”

வடிவம்மா குவளையைக் கீழே வைத்தார்.

ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். முப்பது வருஷம் நிலத்தைப் பார்த்த கண் அது. மழை அரித்த பள்ளமும் ஆள் புழங்கிய பள்ளமும் அதற்கு ஒன்றாகிவிடாது. அவர் முகம் மாறியது.

“தரிசு இல்லை,” என்றார் மெல்ல. “ஒரு ஆளோட அனுபவத்துல இருந்த இடம்.”

“செருப்பைக் கழட்டிட்டு உட்காருங்க ஐயா.”

“எதுல?”

“அதை நீங்கதான் தேடணும்.”

வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில், கரி படிந்த வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டை முக்காலி கிடந்தது. அடுத்த குளிருக்கு அடுப்பில் போகலாம் என்று அவரே தூக்கி எறிந்ததுதான். ஒரு காலில் இன்னும் செம்மண் ஒட்டியிருந்தது. அதைக் கொண்டுவந்து தட்டைப் பள்ளத்தில் வைத்தார். ஆடாமல் நின்றது.

முழங்கால் வலியோடு உட்கார்ந்தார். பாதங்களைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் வைத்தார். அவள் பாதம் சிறியது. இவருடைய குதிகால் வெளியே நின்றது. தண்ணீர் சில்லென்றிருந்தது.

அங்கிருந்து வலது கையை நீட்டினால் கடைசிச் செடி எட்டியது. இடது கையை நீட்டினாலும் எட்டியது. எழுந்திருக்கவே வேண்டியதில்லை. பாத்தி ஏன் பிறை மாதிரி வளைந்திருந்தது என்று அவருக்கு விளங்கியது. வரைந்தபோது விளங்கவில்லை.

வடிவம்மா எதிரே இருந்த அடர்ந்த செடிகளைக் காட்டினார்.

“இதையெல்லாம் கிள்ளி விடுங்க.”

“பூ இருக்கேம்மா.”

“கிள்ளினா இன்னும் நல்லாத் தழையும். அம்மா கிள்ளித்தான் வெச்சிருக்காங்க.”

“எந்த உயரத்துக்குக் கிள்ளறது?”

“செடியைத் தடவிப் பாருங்க. அதுவே சொல்லும்.”

அவர் ஒரு செடியின் தண்டைக் கீழிருந்து மேலாகத் தடவினார். ஓரடி உயரத்தில் விரல் ஒரு முண்டில் தட்டியது. அங்கேதான் தண்டு இரண்டாக, மூன்றாகக் கிளைத்திருந்தது. அடுத்த செடியைத் தடவினார். அதே உயரத்தில் முண்டு. அதற்கு அடுத்ததிலும் அதே உயரம். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் கிள்ளிய கை. அவர் நாடா பிடித்திருந்தால்கூட இவ்வளவு சரியாக வந்திருக்காது.

கிள்ள ஆரம்பித்தார். முதலில் விரல் தடுமாறியது. பிறகு பழகிவிட்டது. காய்ந்த கதிர்கள் ஒரு பக்கமும் பூத்த கதிர்கள் மடியிலுமாகச் சேர்ந்தன. மஞ்சளில் ஒன்று, ரோஜா நிறத்தில் ஒன்று. ஒரு பூவின் கன்னத்தை அழுத்தினார். அது வாயைத் திறந்தது. அவர் அதைச் செய்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

வடிவம்மா தள்ளி நின்று வேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, கோபம்னு சொன்னேனே…” என்று ஏகாம்பரம் தொடங்கினார்.

“கையை நிறுத்தாதீங்க ஐயா. இன்னும் ரெண்டு செடி பாக்கி.”

அந்த இரண்டையும் கிள்ளினார். கிள்ளிய கதிர்களை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்து வலிக்கிறதே என்று நிமிர்ந்தார்.

செடிகள் தாழ்ந்த இடத்தில் ஒரு முழ அகலத்துக்கு வழி திறந்திருந்தது. வேலி அங்கே தெரியவில்லை. குழாயும் தெரியவில்லை. எதிரே நேராக முன்வராந்தா தெரிந்தது. வராந்தாவில் அவருடைய பிரம்பு நாற்காலி தெரிந்தது. காலையில் மடித்துப் போட்டுவிட்டு வந்த பேப்பர் அதன்மேல் கிடந்தது.

அவர் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். அவள் தடத்தில் வைத்த கால்விரல்கள் எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்று பார்த்தார். மறுபடியும் நாற்காலியைப் பார்த்தார்.

“இப்பச் சொல்லுங்க ஐயா,” என்றார் வடிவம்மா. “பக்கத்துல என்ன வெக்கலாம்?”

ஏகாம்பரத்தின் காதில் அது விழவில்லை.

“வந்துட்டேன்,” என்றார்.