மூன்று பைனாகுலர்கள்

"அம்மா, இந்த மூணுல எதை வச்சுக்கிறது? இன்னைக்கே சொல்லிருங்க."

செண்பகமூர்த்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கழுத்தில் மூன்று பைனாகுலர்கள் தொங்கின. கோயில் மாட்டைப் போல ஒரு மணிதான் குறை. தோளில் துப்பாக்கி வேறு.

திலகவதியம்மா அடுப்படி வாசலில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். ஏலமலை உச்சியில் அவருடைய ஆசிரமம் என்பது இரண்டு அறையும் ஒரு சரிவுத் தோட்டமும்தான்.

வயதில் செண்பகமூர்த்திதான் மூத்தவர். ஏலத்தோட்டத்து முதலாளி. ஆனாலும் கண்ணை மூடி உட்காருவதற்கு இந்த அம்மாவிடம்தான் பாடம் கேட்டு வந்தார். கண்ணை மூடுவது வந்துவிட்டது. உட்காருவதுதான் இன்னும் வரவில்லை.

"மூணு எதுக்குண்ணே?"

"ஒண்ணு ஜெர்மனி. ஓரம் வரைக்கும் அப்படி ஒரு தெளிவு. இது ஆஸ்திரியா. பொழுது சாஞ்சப்புறமும் கொஞ்ச நேரம் தெரியும், ஆனா கழுத்து விட்டுப் போகுது. ஜப்பான்காரன் லேசு. வெளிச்சத்துக்கு எதிர்ல பார்த்தா இலை ஓரத்துல ஊதா அடிக்குது. அது சிநேகிதரோடது, நாளைக்குத் திருப்பிக் கேக்கறார்."

"உங்க தம்பிக்கு எப்படி இருக்கு?"

செண்பகமூர்த்தி நின்ற இடத்திலேயே கால் மாற்றி நின்றார்.

"தொடையைக் கிழிச்சிருச்சும்மா அந்தக் காட்டுப் பன்னி. நடப்பான்னு டாக்டர் சொல்ல மாட்டேங்கிறார். விழுறப்ப அது முதுகுல அரிவாளால ஒரு போடு போட்டிருக்கான். அந்த வெட்டை வச்சுத்தான் தேடுறேன். சுட உத்தரவும் வாங்கியாச்சு."

"அப்புறம் என்ன?"

"சாயங்காலமானா பாறையில போய் உட்காருறேன். ஒண்ணுல பார்த்தா இன்னொண்ணுல நல்லாத் தெரியுமோன்னு தோணுது. மாத்துறதுக்குள்ள பன்னி போயிருது. ஊரே சிரிக்குது. தம்பி மூஞ்சில முழிக்க முடியலைம்மா."

தம்பியை வளர்த்தவர் அவர்தான்.

திலகவதியம்மா கத்தியைக் கழுவி வைத்தார்.

"இன்னைக்கு எங்க பாறையில உட்காருங்க. கீழ எங்க தோட்டத்தைப் பாருங்க. எதுல நல்லாத் தெரியுதுன்னு நீங்களே சொல்லிருவீங்க."

"சரிம்மா."

"துப்பாக்கி இங்க இருக்கட்டும்."

"அது இல்லாம எப்படிம்மா?"

"பார்க்கத்தானே போறீங்க?"

திலகவதியம்மா துப்பாக்கியை வாங்கி உள்ளறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஆசிரமத்தில் சமையல் பார்க்கும் சிங்காரத்தை அழைத்து, தேநீரோடு துணைக்கு அனுப்பினார்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. பாறைக்கு வெகு கீழே மரவள்ளித் தோட்டம் கருத்துக்கொண்டு வந்தது.

செண்பகமூர்த்தி தேநீரைத் தொடவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், லென்ஸைத் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார்.

அப்போது செடிகளுக்கு நடுவே ஏதோ அசைந்தது.

ஜப்பானைத் தூக்கிக் கண்ணில் வைத்தார்.

"வந்துருச்சு சிங்காரம்! பன்னி!"

"எனக்கு ஒண்ணும் தெரியலை முதலாளி. கறுப்பா என்னமோ இருக்கு."

"வெறுங்கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும்."

ஜெர்மனிக்கு மாறினார்.

"அடடா, மயிர் தனித்தனியாத் தெரியுதுப்பா. குனிஞ்சு மண்ணைக் கிளறுது. கிழங்கு தோண்டுது."

வெளிச்சம் மங்கியது. அவசரமாக ஆஸ்திரியாவை எடுத்தார். வார் மற்ற இரண்டின் வாரோடு சிக்கிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிரித்தார்.

பார்த்தவர் மூச்சு விடவில்லை.

"வெட்டு."

"என்ன முதலாளி?"

"முதுகுல வெட்டு இருக்கு. நீளமா, ஆறியும் ஆறாம. அதேதான்! தம்பியைக் கிழிச்ச அதே பன்னிதான்! ஓடு, துப்பாக்கியை எடுத்துட்டு வா!"

"சாவி அம்மாகிட்டல்ல இருக்கு."

"கதவை உடைச்சு எடு! நான் சொன்னேன்னு சொல்லு!"

சிங்காரம் அசையவில்லை.

"இத்தனை நாளா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தேன்? கண்ணுக்கு நேரா நிக்குது. கையில ஒண்ணுமில்ல. பார்க்கத்தானே போறீங்கன்னு பெருசாப் பேசிட்டாங்க! இந்தம்மாவுக்கு என்ன தெரியும், கூடப் பொறந்தவன் படுத்துக் கிடக்கிற வலி?"

வாய் திட்டிக்கொண்டிருந்தது. கண் பைனாகுலரை விட்டு நகரவில்லை. வலது கை மட்டும் இறங்கி, இல்லாத துப்பாக்கியின் விசையைத் தேடிக்கொண்டிருந்தது. இருந்திருந்தால் அந்த நொடியில் சுட்டிருப்பார். அவருடைய குறி தப்பியதில்லை.

பன்றி நிமிர்ந்தது.

இரண்டு காலில் நின்றது. இடுப்பில் கை வைத்து முதுகை நெளித்தது. தோண்டிய கிழங்கையும் கம்பையும் எடுத்துக்கொண்டு மெல்ல மேட்டில் ஏறத் தொடங்கியது.

செண்பகமூர்த்தி பைனாகுலரை இறக்கினார். அதன் பிறகு எதையும் தூக்கவில்லை.

திலகவதியம்மா பாறையடிக்கு வந்து சேர்ந்தார். தலையோடு போர்த்தியிருந்த ஆட்டுமயிர்க் கம்பளியை உருவி உதறினார். பழைய கம்பளி. முதுகுப் பக்கம் நீளமாகக் கிழிந்ததை யாரோ சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள்.

கிழங்கைச் சிங்காரத்திடம் கொடுத்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்கண்ணே, உங்க துப்பாக்கி."

செண்பகமூர்த்தி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கவும் கையை எடுக்கவில்லை.

திலகவதியம்மா பாறையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"சரி, சொல்லுங்க. மூணுல எதுல நான் நல்லாத் தெரிஞ்சேன்?"